டாக்கிங் மதிப்பெண் மருந்தின் வீரியம் அல்ல

ஒரு மூலக்கூறு புரதத்தில் எப்படிப் பொருந்தும், எவ்வளவு இறுக்கமாக ஒட்டும் என்று கணினியில் கணிப்பதுதான் டாக்கிங். அசிடைல்கோலினெஸ்டரேஸ் என்ற மூளை நொதியில் அப்படிச் செய்தபோது மஞ்சளின் குர்குமின், அந்த நொதியைத் தடுக்கும் அல்சைமர் மருந்தான டொனெபெசிலைவிட மோலுக்கு 0.6 கிலோகலோரி கூடுதல் மதிப்பெண் எடுத்ததால் அல்சைமருக்கு அதுவே மேல் என்று சிலர் சொல்கிறார்கள். எண் சரியாகவே இருக்கலாம். ஆனால் அதிலிருந்து இந்த முடிவு வராது. ஆட்டோடாக் வினா (AutoDock Vina) என்ற டாக்கிங் மென்பொருளை உருவாக்கியவர்களே அதன் பிழை சுமார் 2.85 கிலோகலோரி என்று எழுதியிருக்கிறார்கள், 0.6 அதற்குள் அடங்கிவிடும்.

நீங்களே பார்க்கலாம். புரதங்களின் வடிவங்களைச் சேமித்து வைத்திருக்கும் புரோட்டீன் டேட்டா பேங்க் தளத்தில், இந்த நொதியும் டொனெபெசிலும் சேர்ந்த 4இஒய்7 (4EY7) என்ற படிகக் கட்டமைப்பை இறக்கி, அதிலுள்ள டொனெபெசிலை எடுத்துவிட்டு மறுபடி டாக் செய்யுங்கள். படிகத்தில் இருந்த இடத்திலிருந்து 2 ஆங்ஸ்ட்ராமுக்கு மேல் விலகினால் உங்கள் அமைப்பிலேயே கோளாறு. சரியாக உட்கார்ந்தால், நீர் மூலக்கூறுகளை வைத்தும் நீக்கியும், மென்பொருளின் தற்செயல் தேடலைத் தொடங்கிவைக்கும் சீட் (seed) எண்ணை மாற்றியும் குர்குமின், டொனெபெசில் இரண்டையும் ஓட்டுங்கள். யார் முந்துகிறார் என்பதே மாறக்கூடும்.

வீரியம் தெரிய நொதியின் வேகத்தை நிறமாற்றத்தால் அளக்கும் எல்மேன் ஆய்வகச் சோதனையில் ஐசி50, அதாவது நொதியின் செயலைப் பாதியாகக் குறைக்கத் தேவைப்படும் செறிவை அளக்க வேண்டும். டொனெபெசிலுக்கு அது சில நானோமோலார்தான். அங்கும் ஒரு வில்லங்கம்: அளவீடு 412 நானோமீட்டர் அலைநீள ஒளியில், சோதனையில் உருவாகும் மஞ்சள் நிறத்தை வைத்து. குர்குமினும் மஞ்சள்தானே! சோதனைத் தட்டில் நொதி சேர்க்காத குழி ஒன்றில் குர்குமினின் நிறத்தைத் தனியாக அளந்து கழிக்காத முடிவை நம்ப வேண்டாம்.