சாதிக் கயிறு அவிழ்ந்த பிறகு

2023 ஆகஸ்டில், நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்துவந்த பட்டியலின மாணவர் ஒருவரை உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதன் பிறகு, பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துருவின் ஒரு நபர் குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தபோது, சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிற்றுக்குத் தடை கேட்ட பரிந்துரைதான் அதிகம் விவாதிக்கப்பட்டது. அந்தத் தடை கட்டாயம் வேண்டும். ஆனால், கயிறு இல்லாவிட்டாலும் "நீ எந்தத் தெரு?" என்ற ஒரு கேள்வியிலேயே சாதியைத் தெரிந்துகொள்ளும் பிள்ளைகளுக்கு, சேர்ந்து பழகுவதற்கான காரணத்தையும் பள்ளிதான் உருவாக்கித் தர வேண்டும்.

2024 நவம்பரில் அரசுப் பள்ளிகளில் தொடங்கப்பட்ட 'மகிழ் முற்றம்' திட்டத்தை நான் மனதார வரவேற்பது இதனால்தான். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுக்கள். ஒவ்வொன்றிலும் வெவ்வேறு வகுப்புகளில் படிக்கும் பிள்ளைகள். விளையாட்டு விழாவுக்கும் மதிப்பெண் பலகைக்கும் மட்டும் இந்தக் குழுக்கள் பயன்பட்டால், தெருப் பிரிவினையோடு இன்னொரு பிரிவினை சேர்ந்ததாகவே முடியும் என்பதுதான் என் கவலை.

1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் வெள்ளையின, கறுப்பின, மெக்சிக வம்சாவளிப் பிள்ளைகள் முதன்முறையாக ஒரே வகுப்பில் அமர்த்தப்பட்டு மோதல் முற்றியபோது, உளவியலாளர் எலியட் அரான்சன் ஒரு பாடத்தைத் துண்டுகளாகப் பிரித்து, குழுவில் ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். தன் துண்டை ஒவ்வொருவரும் படித்து மற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். திக்கித் திணறுகிற பிள்ளையைக் கேலி செய்துகொண்டிருந்தவர்கள்கூட, அவன் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டால்தான் தேர்வு எழுத முடியும் என்ற நிலை வந்தது. நம் பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் பாடத்தை நாளைக்கே இப்படி நடத்தலாம். தனி நிதி எதுவும் வேண்டாம்.

ஆனால், குழுவுக்குள் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்பதை ஆசிரியர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டும். துடைப்பம் எப்போதும் ஒரே தெருப் பிள்ளைகளின் கையிலும், வருகைப் பதிவேடும் தலைமைப் பொறுப்பும் எப்போதும் மற்றவர்கள் கையிலும் இருந்தால், வெளியில் படித்த ஏற்றத்தாழ்வையே அந்தப் பிள்ளைகள் வகுப்பறையிலும் படிப்பார்கள். பொறுப்புகள் மாதந்தோறும் கைமாற வேண்டும். ஒரு முறை வந்து பேசிவிட்டுப் போகும் விருந்தினரைவிட, ஆண்டு முழுவதும் சேர்ந்து செய்யும் ஒரு நூலகப் பொறுப்போ காய்கறித் தோட்டமோ இதில் பெரிய பலன் தரும். அதற்கென ஒதுக்கும் பாடவேளையை, தேர்வு நெருங்குகிறது என்று கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் வாங்கும் வழக்கத்தைத் தலைமையாசிரியர்கள் முதலில் நிறுத்த வேண்டும்.