ஹோஹென்ஸ்டாஃபன் கோட்டை 1268-இல் இடிக்கப்படவில்லை

ஜெர்மனியின் கோப்பிங்கன் ஊருக்கு அருகே, ஹோஹென்ஸ்டாஃபன் மலை உச்சியில் இருந்த கோட்டையைப் பற்றி ஒரு பதிவு இருக்கிறது. 1268-இல் ஹோஹென்ஸ்டாஃபன் அரச வம்சத்தின் கடைசி வாரிசான கொன்ராடின் நேப்பிள்ஸில் தலை துண்டிக்கப்பட்டதும், அந்த வம்சத்தின் சுவடே இருக்கக் கூடாதென்று கோட்டையை இடித்துத் தள்ளினார்கள் என்கிறது அது.

கொன்ராடின் கொல்லப்பட்ட தகவல் சரிதான். ஆனால் கோட்டை அதற்குப் பிறகும் இரண்டரை நூற்றாண்டு நின்றது. 11-ஆம் நூற்றாண்டில் அதைக் கட்டிய வம்சம் அழிந்ததும் அது புனித ரோமானியப் பேரரசின் கைக்குப் போனது. 14-ஆம் நூற்றாண்டில் வூர்ட்டெம்பெர்க் பிரபுக்கள் பிடித்துக்கொண்டார்கள். 1525-இல் விவசாயிகள் எழுச்சியின்போதுதான் அதற்குத் தீ வைத்தார்கள். அப்புறம் வூர்ட்டெம்பெர்க்கை ஆண்ட டியூக் கிறிஸ்டோஃப், கோப்பிங்கனில் தன் அரண்மனையைக் கட்ட இந்தக் கற்களைக் கொண்டுபோனார். இன்று மலை மேலே அடித்தளச் சுவர்கள் மட்டும் மிஞ்சியிருப்பதற்குப் பெரிய காரணம் இதுதான். பழிவாங்கல் கதை அளவுக்கு இதில் நாடகம் இல்லை!

நீங்களே சரிபார்க்கலாம். கோப்பிங்கன் ஓபர்ஹோஃபன் தேவாலயத்தில் சுமார் 1470-இல் வரைந்த சுவரோவியம் ஒன்று உண்டு. அதன் படத்தை இணையத்தில் தேடிப் பாருங்கள். கோட்டை அதில் சுவர்களும் கோபுரங்களுமாக நிற்கிறது. 1268-இல் இடித்திருந்தால், இருநூறு ஆண்டு கழித்து ஓவியர் எதைப் பார்த்து வரைந்திருப்பார்? அது போதாதென்றால், கோப்பிங்கன் அரண்மனையின் கட்டுமான வரலாற்றில் கற்கள் எங்கிருந்து வந்தன என்று பாருங்கள்.