கழுவத்தான் வேண்டும்

அந்தக் காணொளியை இதுவரை பதினேழு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். பதினெட்டாவதாக அனுப்ப நினைப்பவர்கள் தயவுசெய்து பொறுத்தருள வேண்டும், நான் பார்த்துவிட்டேன். சிங்கப்பூர் எஸ்பிளனேட் பூங்காவில் இருக்கும் செனோடாப் போர் நினைவுச்சின்னத்தின் படியில் கையில் பபிள் டீயுடன் அமர்ந்துகொண்டு, "வெள்ளைக்காரன் தன் ஆள்களுக்கு வைத்துக்கொண்ட கல் இது, இதை ஏன் நாம் கழுவிக்கொண்டிருக்க வேண்டும், பாசி பிடித்துத் தானாகப் போகட்டும்" என்று அந்தத் தம்பி பேசியதையும், அதற்குக் கீழே நம்மவர்கள் வரிசையில் நின்று கைதட்டியதையும் பார்த்தேன். இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் என் சொந்த அக்காள் மகனே அதைப் பகிர்ந்து "சரியான கேள்வி" என்று எழுதியதால் இதை எழுதுகிறேன்.

என் பதில் ஒரே வரிதான். கழுவத்தான் வேண்டும். பாசியைச் சுரண்டி, வெண்கலத் தகடுகளைத் துடைத்து, எழுத்துகள் படிக்கும்படி வைத்திருக்கத்தான் வேண்டும். ஏன் என்று சொல்வதற்கு முன்பு, அந்தத் தம்பி எதன்மேல் அமர்ந்திருந்தார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அந்த நினைவுச்சின்னத்தின் ஒரு பக்கத்துப் படிகளில் 1914 தொடங்கி 1918 வரை, படிக்கு ஓராண்டாகப் பொறித்திருக்கிறார்கள். காணொளியை நிறுத்திப் பார்த்தால் அவர் முழங்காலுக்குக் கீழே இலக்கங்கள் தெரியும். நாற்பது விநாடி பேசியவருக்குக் குனிந்து பார்க்க ஒரு விநாடி கிடைக்கவில்லை.

1920ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் ஆளுநர் லாரன்ஸ் கில்லமார்ட் இதற்கு அடிக்கல் நாட்டினார். முதல் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில் பிரான்சின் பிரதமராக இருந்த கிளமென்சோ அன்று அங்கே இருந்தார். நாம் தினமும் பேருந்தில் கடக்கும் கிளமென்சோ அவென்யூவின் பெயர் அவருடையதுதான். சுவான் அண்ட் மக்லரன் நிறுவனத்தின் டெனிஸ் சான்ட்ரி வடிவமைத்த இந்தக் கருங்கல் சின்னத்தை 1922 மார்ச் 31 அன்று பிற்காலத்தில் எட்டாம் எட்வர்ட் ஆன வேல்ஸ் இளவரசர் திறந்துவைத்தார். வெண்கலத் தகடுகளில் 124 பெயர்கள் இருக்கின்றன. சிங்கப்பூரில் பிறந்த அல்லது வாழ்ந்த, போரில் மாண்ட பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்கள் அவை. செனோடாப் என்ற கிரேக்கச் சொல்லுக்கு வெற்றுக் கல்லறை என்று பொருள். உடல் எங்கோ கிடக்க, ஊரில் ஒரு கல் நிற்கும்.

இதில் நமக்கு என்ன என்று கேட்பவர்களுக்கு: தமிழனுக்குத் தெரியாத வழக்கமா இது? ஆநிரை மீட்கப் போய் மாண்டவனுக்குக் கல் தேர்ந்து, நாள் பார்த்து, நீராட்டி, பெயரும் பெருமையும் பொறித்து நட்டு வைத்தவர்கள் நாம். அந்தச் சடங்கில் நீர்ப்படை என்று ஒரு படிநிலையே உண்டு, கல்லை நீரில் கழுவித் தூய்மை செய்வது. மேடைக்கு மேடை நடுகல் மரபு என்று முழங்குகிறோம். இன்னொருவன் நட்ட கல்லைக் கழுவினால் மட்டும் கணக்குக் கேட்கிறோம்.

"அவன் நம்மை ஆண்டவன்" என்று சொல்வீர்கள். ஆம், ஆண்டவன்தான். அந்த 124 பேரும் யாருக்காகச் செத்தார்கள் என்பது எனக்கும் தெரியும். பேரரசின் பெருமை எனக்கு வேண்டியதில்லை. ஆனால் கல்லைக் கழுவுவதற்கும் அந்தக் கல்லுக்குச் சூடம் காட்டுவதற்கும் உள்ள வேறுபாடு தெரியாதவர்களிடம் எப்படிப் பேசுவது? அந்தத் தகட்டில் நம்மவர் பெயர் இல்லை என்று கொதிக்கிறீர்கள். நல்லது, நானும் கொதிக்கிறேன். ஆனால் தகடு படிக்கக்கூடியதாக இருந்தால்தானே யார் பெயர் இல்லை என்பது தெரியும்? பாசி மூடிய பிறகு அங்கே யார் இருந்தார்கள் என்பதும் தெரியாது, யார் விடுபட்டார்கள் என்பதும் தெரியாது. விடுபட்டவர்களுக்காக வாதாட வந்தவர்கள் அந்தச் சான்றையே அழிக்கச் சொல்கிறீர்கள்.

இன்னொன்று, அந்தத் தம்பி பின்பக்கம் போகவே இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்தச் சின்னத்தின் மறுபக்கத்தில் 1939 முதல் 1945 வரையிலான ஆண்டுகளைச் சேர்த்து, நாம் வாழ்வதற்காக அவர்கள் மாண்டார்கள் என்ற பொருளில் ஒரு வாசகத்தை நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் பொறித்தார்கள். நான்கில் ஒன்று தமிழ். "வெள்ளைக்காரன் கல்" என்று எந்தக் கல்லைச் சொன்னாரோ, அதில் அவர் தாய்மொழி இருக்கிறது. அதையும் பாசி மூடட்டும் என்றுதான் அத்தனை பேர் கைதட்டினீர்கள்.

எனக்கு எட்டு வயது இருக்கும்போது, எஸ்பிளனேடில் சத்தே கிளப் என்ற உணவுக் கடை வரிசை இருந்த காலத்தில், சம்பள நாளன்று அப்பா எங்களை அங்கே அழைத்துப் போவார். பத்துக் குச்சி சத்தே, கெத்துப்பாட் என்ற அரிசிக் கட்டி ஒன்று, ஆளுக்கு ஒரு கரும்புச் சாறு. சாப்பிட்டு முடித்துக் கடற்காற்றில் நடக்கும்போது, அப்பா இந்தச் சின்னத்தின் பின்பக்கம் போய் நிற்பார். அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஜொகூரில் ஒரு தோட்டப் பள்ளியில் நான்காம் வகுப்பு வரை தமிழ் படித்தவர். அரசாங்கம் கல்லில் பொறித்த எழுத்தில் தன்னால் படிக்க முடிந்தது இது ஒன்றுதான் என்று சொல்லி, விரலை எழுத்தின்மேல் வைத்து ஒவ்வொன்றாகக் கூட்டிப் படிப்பார். ஒவ்வொரு முறையும், புதிதாகப் படிப்பவரைப் போல. எனக்கு அப்போது கூச்சமாக இருக்கும், யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பேன். அந்தக் கூச்சத்துக்காக இன்று வரைக்கும் வெட்கப்படுகிறேன்.

வரிப்பணம் வீணாகிறது என்று எழுதியவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை. கரும்புச் சாற்றுக்கு யோசிக்காமல் காசு கொடுக்கும் ஊரில் இருந்துகொண்டு கல் துடைக்கும் கூலியைக் கணக்குப் பார்க்கிறார்கள்.

2013 ஏப்ரலில் நடந்ததை நினைவூட்டினீர்கள் சிலர். ஒருவர் இரவோடு இரவாக இந்தச் சின்னத்தின்மேல் சாயத்தைத் தெளித்து ஒரு சொல்லை எழுதி வைத்தார். அது தேசிய நினைவுச்சின்னமாக அரசிதழில் இடம்பெற்று மூன்றாண்டுகூட ஆகவில்லை. 2010 டிசம்பர் 28 அன்றுதான் பக்கத்திலிருக்கும் டான் கிம் செங் நீரூற்றோடும் லிம் போ செங் நினைவிடத்தோடும் சேர்த்து அறிவித்திருந்தார்கள். எழுதியவருக்கு மூன்று மாதச் சிறையும் மூன்று பிரம்படியும் கிடைத்தன. கல்லுக்காக மனிதனை அடிப்பதா என்ற கேள்வி எனக்கும் உண்டு, ஆனால் இந்தப் பதிவு அதைப் பற்றியது அன்று. நான் சொல்ல வருவது கல்லைப் பற்றி. கருங்கல் பார்க்க இறுகித் தெரிந்தாலும் அதில் நுண்ணிய துளைகள் உண்டு, சாயம் அதற்குள் இறங்கிவிடும். கம்பித் தூரிகையால் தேய்த்தாலோ மிகை அழுத்தத்தில் தண்ணீர் பாய்ச்சினாலோ எழுத்தின் விளிம்பு மழுங்கும். அதனால் இத்தகைய வேலைகளில் தலைவலிக்குப் பற்றுப் போடுவதைப்போல் களிமண் குழம்பைப் பூசி, அது காயக் காயக் கறையை வெளியே இழுக்கும்வரை காத்திருப்பார்கள். பழைய வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிற வேலை அன்று இது. புதுப்பிப்பது என்றால் பளபளவென்று புத்தம் புதிதாக ஆக்குவது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இருப்பதை இருப்பதுபோல் நிறுத்துவதற்குத்தான் அத்தனை பொறுமை தேவைப்படுகிறது.

சரி, இப்போது உங்கள் வலுவான கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் அதை எழுதியவர்கள் மனம் புண்பட்டு எழுதியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிகிறது. "இந்திய தேசிய ராணுவத்தின் நினைவுச்சின்னத்தை அவன் விட்டுவைத்தானா?" விட்டுவைக்கவில்லை. 1945 ஜூலை 8ஆம் நாள் இதே எஸ்பிளனேடில், இந்தச் சின்னத்துக்குக் கூப்பிடு தூரத்தில், நேதாஜி அதற்கு அடிக்கல் நாட்டினார். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்ற மூன்று சொற்களை அதில் உருதுவில் பொறித்தார்கள். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிக்கொண்டிருந்த நம் பெண்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி எடுத்த காலம் அது. செப்டம்பர் தொடக்கத்தில் திரும்பி வந்த பிரிட்டிஷ் படை, நேச நாட்டுப் படைகளின் தென்கிழக்காசியத் தளபதி மவுண்ட்பேட்டனுடைய தலைமையகத்தின் ஆணைப்படி அதை வெடி வைத்துத் தகர்த்தது. இரண்டு மாதம்தான் நின்றது அந்தக் கல். 1922இல் செனோடாப்பைத் திறந்துவைத்த இளவரசரின் கீழைப் பயணக் குழுவில் இளம் கடற்படை அதிகாரியாக உடன் வந்தவரும் இதே மவுண்ட்பேட்டன்தான். தன் ஆள்களின் கல்லுக்கு மலர்வளையம், பிறர் கல்லுக்கு வெடிமருந்து. இதை எழுதும்போது எனக்கும் கை நடுங்குகிறது.

ஆனால் அதனாலேயே நாமும் அதைச் செய்ய வேண்டுமா? வெடி வைத்தவன் செய்ததைத்தான் நாம் பாசியை வைத்துச் செய்யச் சொல்கிறோம், அவனைவிடச் சோம்பேறித்தனமாக. அது நின்ற இடத்தில் 1995ஆம் ஆண்டு ஓர் அடையாளப் பலகை வைத்தார்கள். கைதட்டியவர்களில் எத்தனை பேர் அதன் முன்னால் போய் நின்றிருக்கிறீர்கள்? நான் போகும் நாள்களில் அங்கே பெரும்பாலும் யாரும் இருப்பதில்லை. ஒருமுறை ஒரு ஜப்பானிய மூதாட்டி நின்று படித்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான்.

"நீ வெள்ளைக்காரனுக்கு வக்காலத்து வாங்குகிறாய்" என்று எழுதப்போகிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள். என் குடும்பத்துக்கு அந்தப் போர் என்ன செய்தது என்று தெரியாதவர்கள் என்னிடம் நாட்டுப்பற்றுப் பாடம் எடுக்க வேண்டாம்.

என் அப்பாவுக்கு ஓர் அண்ணன் இருந்தார். 1943இல் அவருக்குப் பத்தொன்பது வயது. தோட்டத்தில் ஆள் எடுக்கிறார்கள், மூன்று மாத வேலை, நல்ல சம்பளம் என்று கங்காணி சொன்னதை நம்பி லாரியில் ஏறியவர். எங்கள் வீட்டில் அதைச் "சயாமுக்குப் போனது" என்றுதான் சொல்வார்கள், செத்தது என்று யாரும் சொன்னதில்லை. இன்று தாய்லாந்து எனப்படும் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ஜப்பானியர்கள் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதை. அதில் வேலை செய்து மாண்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் 12,000 பேருக்கு மேல். அவர்களுக்கு வரிசை வரிசையாகக் கல்லறைகள் உண்டு, பெயர், படைப்பிரிவு, வயது எல்லாம் பொறித்து, புல் வெட்டிப் பூச்செடி வைத்துப் பராமரிக்கிறார்கள். ஆசியத் தொழிலாளர்கள் மாண்டது 90,000 அளவில் இருக்கும் என்கிறார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் மலாயாவிலிருந்து போன தமிழர்களும் பர்மியர்களும். கைதிக்குப் பதிவேடு இருந்தது. கூலிக்கு யாரும் பெயர் எழுதி வைக்கவில்லை. 90,000 "அளவில்" என்கிறோமே, அந்த ஒரு சொல்லுக்குள் என் பெரியப்பா இருக்கிறார்.

கிராஞ்சி போர் நினைவிடத்துக்குப் போனால் உடல் கிடைக்காத 24,000 பேருக்கு மேற்பட்டவர்களின் பெயர்களைச் சுவர்களில் பார்க்கலாம். இந்தியப் படைப்பிரிவுகளின் வீரர்களும் அங்கே உண்டு. நான் அங்கே போய்ப் பெரியப்பாவின் பெயரைத் தேடியிருக்கிறேன், இருக்காது என்று தெரிந்தே. அவர் படைவீரர் இல்லை. பீச் ரோட்டுப் பக்கம், சாப்ஸ்டிக்ஸ் என்று நாம் விளையாட்டாகச் சொல்லும் பொதுமக்கள் நினைவுத்தூணுக்கும் போயிருக்கிறேன். 1967 பிப்ரவரி 15 அன்று லீ குவான் இயூ திறந்துவைத்த அந்த நான்கு தூண்களில் ஒன்று நம் இனத்துக்கு உரியது என்பார்கள். அது ஜப்பானியர் ஆட்சியில் இந்தத் தீவில் மாண்ட பொதுமக்களுக்காக எழுந்தது. பெரியப்பா செத்தது இந்தத் தீவிலும் இல்லை.

ஆகவே அப்பா போய் நின்றது செனோடாப்பின் பின்பக்கத்தில்தான். அந்த வாசகத்தில் யார் பெயரும் இல்லை. யார் பெயரும் இல்லாததால் தன் அண்ணனையும் அதற்குள் வைத்துக்கொள்ளலாம் என்று அப்பா நினைத்திருக்க வேண்டும். அந்தக் கல்லை நட்டவர்களுக்கு அப்படி ஓர் எண்ணம் இருந்திருக்காது. அப்பாவுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. கூட்டிக் கூட்டிப் படிப்பார், கன்னத்தில் போட்டுக்கொள்வார், பிறகு பேருந்து நிறுத்தத்துக்கு நடப்போம்.

அக்காள் மகனுக்கு இதையெல்லாம் தொலைபேசியில் சொன்னேன். அவன் பதிவை நீக்கிவிட்டான், எனக்காக. பிறகு, "மாமா, அப்படியானால் தாத்தாவுடைய அண்ணன் பெயரை எங்காவது பொறிக்கச் சொல்லிக் கேட்கலாமே, நானே மனு எழுதுகிறேன், பெயர் சொல்லுங்கள்" என்று கேட்டான். வீட்டில் எல்லாரும் அவரைத் தம்பிராசு என்று கூப்பிடுவார்கள். அது கூப்பிடு பெயர். தோட்டத்துப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது என்று அப்பாயி சொன்னதாக மட்டும் அப்பாவுக்கு நினைவு. என்ன பெயர் என்று அப்பா அப்பாயியிடம் கேட்கவில்லை. நான் அப்பாவிடம் கேட்கவில்லை.