அந்த மஞ்சள் எனக்கு இன்னும் பிடிக்கவில்லை

போன மாதம் ஓர் ஓவியக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். கடைசி அறையில் ஒரு சுவரை முழுக்க அடைத்துக்கொண்டு ஒரே ஒரு அரூப ஓவியம், அதாவது உருவம் எதுவும் இல்லாத ஓவியம். என்னைவிட உயரம், அகலம் அதைப்போல இரண்டு பங்கு இருக்கும். ஏறக்குறைய எல்லாமே மஞ்சள். கனமான, சூடேறிய மஞ்சள். அடியில் ஒரு முழத்துக்கு ஊதாப் பட்டை, அவ்வளவுதான். பக்கத்தில் ஒட்டியிருந்த குறிப்பு அதை மகிழ்ச்சியின் கொண்டாட்டம் என்றது. எனக்கோ வயிற்றைப் பிசைந்தது.

20 நிமிடம் அங்கேயே நின்றேன். பிடிக்காத படத்தின் முன்னால் யாராவது அவ்வளவு நேரம் நிற்பார்களா என்று கேட்கலாம். பிடித்த படத்தைவிட பிடிக்காத படத்துக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். பிடித்தது தானாகவே கூட வந்துவிடும். பிடிக்காதது ஏன் பிடிக்கவில்லை என்று அங்கேயே நின்று பார்த்தால்தான் தெரியும்.

காரணத்தில் ஒரு பாதி என்னுடையது. சில வருடங்களுக்கு முன் அக்கா மூன்று வாரம் மருத்துவமனையில் இருந்தாள். காத்திருப்பு அறையின் சுவர் கிட்டத்தட்ட இதே மஞ்சள். இரவு முழுக்க அணையாத விளக்குக்கு அடியில் அந்தச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆக, ஓவியர் தூரிகையை எடுப்பதற்கு முன்பே எனக்கும் அந்த நிறத்துக்கும் ஒரு கணக்கு இருந்தது. அது அவர் பொறுப்பில்லை. ஆனால் அதை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே போக என்னால் முடியாது.

மறு பாதி படத்தினுடையது. மஞ்சளும் ஊதாவும் ஒன்றுக்கொன்று எதிர் நிறங்கள். மஞ்சளையே பார்த்துக் களைத்த கண், பார்வையை நகர்த்தியதும் தானாகவே ஒரு ஊதாச் சாயலைக் காட்டும். அந்தச் சாயல் கீழேயிருக்கும் ஊதாப் பட்டையின் மேல் விழும்போது பட்டை இன்னும் அடர்கிறது. இரண்டும் சேரும் கோடு அசைவது போலத் தோன்றுகிறது. பிரான்சில் கோபெலின் திரைச்சீலை நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் செவ்ருல் என்ற வேதியியலாளர். கறுப்பு நூல் சோகையாகத் தெரிகிறது என்று அவரிடம் புகார் வந்தது. சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறையே இல்லை, பக்கத்தில் இருந்த நிறங்கள்தான் காரணம். அதிலிருந்து தொடங்கிய ஆராய்ச்சியை 1839-இல் புத்தகமாக வெளியிட்டார். ஒரு நிறம் என்னவாகத் தெரியும் என்பதில் அதன் அண்டை வீட்டுக்காரருக்கும் பங்கு உண்டு.

இதனால்தான் "சிவப்பு என்றால் கோபம், நீலம் என்றால் அமைதி" என்ற அட்டவணையைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது. எந்தச் சிவப்பு? எவ்வளவு பெரியது? பக்கத்தில் என்ன இருக்கிறது? பச்சைக் குழந்தை என்கிறோம், பச்சைப் பொய் என்கிறோம், பச்சைப் புண் என்கிறோம். இந்த மூன்றுக்கும் சேர்த்து அட்டவணையில் எந்த உணர்ச்சியைப் போடுவது? நம் மொழி இந்த விஷயத்தில் அந்த அட்டவணையைவிட நேர்மையானது. ஒரு நிறம் கண்ணைப் பறிக்கிறது, கண்ணைக் குத்துகிறது, கண்ணைக் கூசவைக்கிறது என்போம். அடிக்கிற கலர் என்போம். நிறம் நம்மை ஏதோ செய்கிறது என்பதுதான் அதில் முதலில் இருக்கிறது. அதற்கு என்ன அர்த்தம் என்ற கேள்வியெல்லாம் அப்புறம்தான்.

சிலரை நிறம் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு அமெரிக்க ஓவியர் பார்னெட் நியூமனின் ஒரு படமே போதும். ஐந்து மீட்டருக்கு மேல் அகலம். ஓரங்களில் மெல்லிதாக நீலமும் மஞ்சளும், மற்றதெல்லாம் சிவப்பு. 1986-இல் ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில் ஒருவர் அதைக் கத்தியால் கிழித்தார். அந்த ஆள்மேல் எனக்குத் துளியும் இரக்கம் இல்லை. ஆனால் அதற்குப் பின் நடந்ததைத்தான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். சரிசெய்து 1991-இல் படத்தைத் திரும்ப மாட்டினார்கள். பார்த்தவர்கள் பழைய ஆழம் போய்விட்டது என்றார்கள். சிவப்பின் மேல் ரோலரால் தட்டையாகப் பூசிவிட்டதாகப் பெரிய சர்ச்சை எழுந்தது. "வெறும் சிவப்புதானே" என்று கடந்துபோகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். வெறும் சிவப்பாக இருந்திருந்தால் இன்னொரு சிவப்பு அந்த இடத்தை நிரப்பியிருக்கும்.

இன்னொரு அமெரிக்க ஓவியர் மார்க் ராத்கோ ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்காக வரைந்த பெரிய ஓவியங்களின் கதை இன்னும் சங்கடமானது. அவர் பயன்படுத்திய ஒரு சிவப்பு நிறமிக்கு வெளிச்சம் ஆகவில்லை. ஜன்னல் வெயிலில் வருடக்கணக்கில் வெளுத்துப்போய், 1979-க்குள் அவற்றைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டார்கள். 2014-இல் மறுபடி காட்சிக்கு வைத்தபோது, படத்தைத் தொடாமல், இழந்த நிறத்தை ப்ரொஜெக்டர் ஒளியாக மேலே பாய்ச்சினார்கள். அந்தக் காட்சி நடந்த நாட்களில் தினமும் மாலை 4 மணிக்கு அந்த ஒளியை அணைத்துவிடுவார்கள். அதுவரை செந்நிறத்தில் நின்ற ஓவியம் ஒரே நொடியில் வெளிறிவிடும். நான் அதை நேரில் பார்த்ததில்லை. படித்த அன்றிலிருந்து அந்த 4 மணி மனதை விட்டுப் போகவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் நண்பர் ஒருவருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவது கடினம். சிவப்பும் பச்சையும் மோதிக்கொண்டிருந்த ஒரு படத்தின் முன்னால் அவரோடு நின்றேன். எனக்குக் கோடெல்லாம் துடித்தது. அவர் நிதானமாக, "இரண்டு பழுப்பு. ஒன்று கொஞ்சம் ஈரமாக இருக்கிற மாதிரி இருக்கு" என்றார். பிறகு தூரிகை எந்தப் பக்கம் போயிருக்கிறது, எங்கே திரும்பியிருக்கிறது என்று கைகாட்டிச் சொல்லிக்கொண்டே போனார். நிறத்தின் இரைச்சலில் எனக்கு அது எதுவும் தெரிந்திருக்கவில்லை. அவர் பார்த்ததைக் குறைப் பார்வை என்று என்னால் சொல்ல முடியாது.

மகிழ்ச்சியை நிறத்தில் வரைய முடியாது என்று நான் சொல்லவில்லை. ஆல்மா தாமஸ் என்ற அமெரிக்க ஓவியர் வாழ்க்கையின் பெரும்பகுதியைப் பள்ளி ஆசிரியராகக் கழித்தவர். 1972-இல், 80 வயதில், நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் தனிக் காட்சி வைத்த முதல் கறுப்பினப் பெண் ஆனார். மனிதர் மனிதருக்குச் செய்யும் கொடுமையைவிட அழகையும் மகிழ்ச்சியையுமே நிறத்தின் வழியாகத் தேடினேன் என்ற பொருளில் அவரே சொல்லியிருக்கிறார். அதை நான் முழுசாக நம்புகிறேன். சின்னச் சின்னத் தீற்றல்களாகச் சிவப்பும் ஆரஞ்சும் நீலமும் வரிசைகட்டி நிற்கும். நடுநடுவே விட்ட வெள்ளை இடைவெளிகளில் படம் மூச்சு விடும். எனக்கு அந்த மகிழ்ச்சி வருவது அந்த இடைவெளிகளிலிருந்துதான். அந்த மஞ்சள் படத்தில் மூச்சுவிட ஓர் இடம்கூட இல்லை. சுவர்க் குறிப்பை எழுதியவர் படத்தைப் பார்த்தாரா, மஞ்சளுக்கு எதிரே அட்டவணையில் இருந்த சொல்லைப் பார்த்தாரா என்று தெரியவில்லை.

தயவுசெய்து ஓவியங்களுக்குப் பக்கத்தில் பெயரையும் வருடத்தையும், எந்தச் சாயத்தால் வரைந்தது என்பதையும் எழுதுங்கள். எப்படிச் செய்தார்கள் என்று எழுதுங்கள், ஆசையாகப் படிப்பேன். நான் என்ன உணர வேண்டும் என்று மட்டும் எழுதாதீர்கள். பிடிக்கவில்லை என்று சொல்பவருக்கு ஏதோ புரியவில்லை என்ற பார்வையும் வேண்டாம். பதிலுக்கு நாங்களும் போனில் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லாமல் இருக்கலாம். உள்ளங்கை அளவு திரையில் அந்த மஞ்சள் சாதுவாகத்தான் இருந்தது.

கடைசி நாளன்று அக்காவையும் கூட்டிக்கொண்டு மறுபடி போனேன். கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. அவள் அந்தப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றாள். அந்தச் சுவர் ஞாபகம் இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டேன்.

"எந்தச் சுவர்?" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் உள்ளே படுத்திருந்தாள். காத்திருப்பு அறைக்குள் அவள் வந்ததே இல்லை. அவளுக்கு அந்தப் படத்தில் அந்தச் சுவர் கிடையாது.

"இங்க வாடா, இதைப் பாரு" என்று கீழே இடது மூலையைக் காட்டினாள். ஊதாப் பட்டைக்கு அடியில் மஞ்சள் கொஞ்சம் வழிந்து, காய்ந்து, அப்படியே நின்றிருந்தது. 20 நிமிடம் நின்றும் நான் அதைப் பார்க்கவில்லை.