இடது ஓரம்னா எது சார்?

"சைக்கிள்காரங்க ஓரமா போங்க"ன்னு சொல்றது சுலபம். வட சென்னையில எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில அந்த ஓரத்தைக் கொஞ்சம் காட்டுங்களேன்! துறைமுகத்துக்குள்ள போகக் காத்து நிக்கிற 40 அடி கன்டெய்னர் டிரெய்லர்தான் அங்க இருக்கு. அது இல்லாத இடத்துல மணல். மணல்ல சக்கரம் இறங்கினா ஹேண்டிலை வெட்டாதீங்க, முன் பிரேக்கைத் தொடவே தொடாதீங்க. நேரா மிதிச்சு வெளிய வாங்க.

டிரெய்லர் இடப்பக்கம் திரும்பறப்போ பின் சக்கரம் முன் சக்கரத்தோட தடத்துல வராது, உள்ள வெட்டி வரும். கேபின் உயரத்துக்கு, இடது பக்கம் ஒட்டி நிக்கிற சைக்கிள் டிரைவர் கண்ணுல படாது. சிக்னல்ல அந்த இடுக்குல புகுறதைவிடப் பின்னாலயே நின்னுடலாம்.

அடுத்தது வடிகால் கம்பி மூடி. கம்பியைச் சாலை போற திசையிலேயே வச்சிருந்தா, தண்டையார்பேட்டையில மீன் கூடை கட்டிப் போறவரோட பழைய ஒன்றரை இன்ச் டயர் ஒருவேளை தப்பிக்கும். ரேஸ் சைக்கிளோட மெல்லிசான 25 மில்லிமீட்டர் டயர் கம்பிச் சந்துல இறங்கி, ஆளைத் தலைக்குப்புறத் தள்ளிடும். கம்பியைக் குறுக்கே திருப்பி வச்சா போதும், ராக்கெட் விஞ்ஞானமா இது?

பழைய தாரைச் சுரண்டாம மேலயே புது தார் ஊத்துறாங்க. ரோடு உயருது, பாதாளச் சாக்கடை மூடி மட்டும் பள்ளத்துலயே கிடக்கு. மழைத்தண்ணி நின்னா அதுவும் தெரியாது.