மழை கூடினால் வறட்சி வராதா?

"பூமி சூடாகச் சூடாக மழை கூடும், கொங்கு நாட்டில் இனி வறட்சியே வராது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. முதல் பாதி ஓரளவு சரி. இரண்டாம் பாதி தவறு.

காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். அதனால் பெய்யும்போது கொட்டித் தீர்க்கும். ஆனால் அதே சூடான காற்று மண்ணிலும் குளத்திலும் உள்ள ஈரத்தையும் கூடுதலாக உறிஞ்சும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில், அதாவது மழைக்காற்றை மலை தடுத்துவிடும் பக்கத்தில், இருக்கும் நமக்கு இதுதான் பெரிய கவலை. மூன்றே நாளில் கொட்டும் மழையில் பெரும்பகுதி நொய்யலில் ஓடிப்போகும், கிணற்றில் ஊறாது. ஆண்டுக் கணக்கில் 'இயல்பான மழை' என்று பதிவாகும், சோளக்காடோ காய்ந்து கிடக்கும்.

தெற்காசியாவில் பருவமழை நீண்ட காலத்தில் கூடும் என்று சொல்லும் ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2021 அறிக்கை, ஆண்டுக்கு ஆண்டு ஏற்ற இறக்கமும் கூடும் என்கிறது. செய்தியைப் பரப்புகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

2016ஐ மறந்துவிட்டோமா? அந்த ஆண்டு தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றியும் தென்னைகள் பட்டுப்போயின.