வைட்டமின் டி சிறுநீரில் போய்விடாது

வைட்டமின் டி 60,000 மாத்திரையைத் தினமும் போடலாம், உடம்புக்கு வேண்டாதது சிறுநீரில் போய்விடும் என்று இங்கே ஒருவர் சொல்லியிருக்கிறார். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் அது பி, சி வைட்டமின்களுக்குத்தான் ஓரளவு பொருந்தும். பி காம்ப்ளக்ஸ் போட்ட அன்று சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போகுமே, அதேதான். டி கொழுப்பில் கரைவது. உடம்பிலேயே தங்கிச் சேர்ந்துகொண்டே போகும்.

அளவு மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். அடங்காத தாகம், வாந்தி, மலச்சிக்கல், குழப்பம், முற்றினால் சிறுநீரகப் பாதிப்பு. மாத்திரையை நிறுத்திய பிறகும் கால்சியம் இறங்க வாரக்கணக்கில் ஆகலாம். அதனால்தான் இதைச் சாதாரணமாக விட மனம் வரவில்லை.

நீங்களே சரிபார்க்கலாம். மாத்திரை அட்டையைத் திருப்பி 60,000 ஐ.யு. (வைட்டமின் அளவைக் குறிக்கும் சர்வதேச அலகு) என்று இருக்கிறதா பாருங்கள். அப்புறம் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் இணையதளத்தில் வைட்டமின் டி பக்கத்தைத் திறந்தால், பெரியவர்களுக்கு ஒரு நாள் உச்ச வரம்பு 4,000 ஐ.யு. என்று இருக்கும். 60,000 என்பது அதைப்போல 15 மடங்கு. குறைபாடு உள்ளவர்களுக்கு மருத்துவர் இதைப் பொதுவாக வாரம் ஒன்று என்றுதான், அதுவும் சில வாரங்களுக்கு மட்டும் எழுதுவார். பழைய சீட்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள்.

ஏற்கெனவே தினமும் போட்டு வருபவர்கள் இன்றே நிறுத்திவிட்டு, மருத்துவரிடம் சொல்லி ரத்தத்தில் வைட்டமின் டி, கால்சியம், கிரியாட்டினின் (சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டுவது) மூன்றையும் பார்த்துவிடுங்கள்.